ஐஸ் தொட்டி, சிவப்பு விளக்கு, ஓங்காரம்: 4,500 ரூபாய்க்கு எதை வாங்குகிறோம்?

அடையாறு_ஓட்டம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு 'வெல்னெஸ் ஸ்டுடியோ' திறந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். ஒன்றரை மணி நேரம், 4,500 ரூபாய். முதலில் சிவப்பு விளக்குப் பலகை முன்னால் நிற்க வேண்டும். பிறகு அகச்சிவப்புக் கதிரால் சூடேற்றும் இன்ஃப்ராரெட் அறை, 8 டிகிரி ஐஸ் தொட்டி, காலில் காற்றழுத்த பூட்ஸ். அது முடிந்ததும் இருட்டறையில் படுக்க வைத்துத் திபெத்தியக் கிண்ணம் வாசிக்கிறார்கள். கடைசியில் 'திருமூலர் முறை' பிராணாயாமம், மூன்று ஓங்காரம். இன்னும் பணம் கட்டினால் கிரையோ அறையும் (கடுங்குளிர்க் காற்று அறை) உண்டு. வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முதல் பக்கங்கள், எதிர்ச் சுவரில் நடராஜர்.

ஜனவரி மாத சென்னை மாரத்தானுக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஜிம்மில் எடையும் தூக்குகிறேன். என் ஓட்டக் குழுவில் பாதிப் பேர் அங்கே சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இதில் எந்தப் பகுதி வேலை செய்கிறது, எது அலங்காரம்? எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்ததால் கூடுதலாக ஏதாவது கிடைக்கிறதா? 'எல்லாம் ஏமாற்று', 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' என்ற இரண்டு பதில்களும் வாட்ஸப்பில் ஏற்கெனவே வந்துவிட்டன. வேறு ஏதாவது சொல்லுங்கள்.

பிசியோ_மதுரை

ஐஸ் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டியலில் ஓரளவு ஆதாரம் உள்ளது அதற்குத்தான். நீண்ட தூரம் ஓடிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளுமே, அந்த வலி கொஞ்சம் குறையும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பு, 17 சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அதைச் சொன்னது. ஆனால் வலி குறைவது வேறு, தசை தேறுவது வேறு. 2015இல் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் இரண்டு குழுக்களுக்கு 12 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தது. இன்னொரு குழு சும்மா சைக்கிள் மிதித்தது. தசையும் பலமும் கூடுதலாக வளர்ந்தது சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான். பயிற்சி முடிந்தவுடன் தசைக்குள் 'வளரு' என்று ஒரு வேலை தொடங்குகிறது. குளிர் அதை மட்டுப்படுத்திவிடுகிறது. எடை தூக்கும் நாளில் நீங்கள் அந்தத் தொட்டியில் இறங்கினால், காசு கொடுத்து உங்கள் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறீர்கள்.

அடிபட்டால் 'ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல்' என்று 1978இல் எழுதி உலகம் முழுக்கப் பரவச் செய்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014இல் ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். அந்தக் கட்டுரையை எந்த ஸ்டுடியோ சுவரிலும் நான் பார்த்ததில்லை.

கிரையோ அறை 1978இல் ஜப்பானில் யமவுச்சி என்ற மருத்துவர் முடக்குவாத நோயாளிகளுக்காகத் தொடங்கியது. மைனஸ் 110 டிகிரி என்றால் பயங்கரமாகத் தெரியும். ஆனால் காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், தண்ணீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். மூன்று நிமிடம் கிரையோவில் நிற்பவரின் தோல்தான் ஜில்லிடும், உள்தசை அதிகம் குளிராது. 2015 காக்ரேன் தொகுப்பில் இதற்குத் தேறிய ஆய்வுகள் 4, மொத்தம் 64 பேர். போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏ, உடல் முழுவதற்குமான எந்தக் கிரையோ கருவிக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று 2016இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

பூட்ஸ், நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்கவும் மருத்துவமனையில் போடுவது. ஓடிக் களைத்த காலுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு விளக்கு முழுப் பொய் இல்லை. கீமோதெரபி எடுப்பவர்களின் வாய்ப்புண்ணுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அங்கே அலைநீளம், தூரம், நேரம் எல்லாம் அளந்து கொடுக்கிறார்கள். பலகை முன்னால் நிற்கும் உங்கள் தொடைத் தசைக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்று அந்த வரவேற்பறையில் கேட்டுப் பாருங்கள்.

சரி, நடராஜர் எதற்கு? இயந்திரத்துக்கு ஆதாரம் போதாத இடத்தில் பக்தியை நிறுத்துகிறார்கள். பக்திக்கு ஆதாரம் கேட்பவனிடம் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று ஜாமீன்.

மூச்சே_துணை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் யோகா ஆசிரியை, இதே மாதிரி வேறொரு இடத்தில் வாரக்கடைசி வகுப்பு எடுக்கிறேன். அதனால் என் பேச்சைத் தள்ளுபடி போட்டே கேளுங்கள்.

ஆனால் அந்த 'ஜாமீன்' வரியோடு எனக்குச் சண்டை. இயந்திரத்தை யோகத்துக்குப் பக்கத்தில் வைத்தது இன்றைய வியாபாரிகள் அல்ல. சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கியபோதே எக்ஸ்ரே எடுத்தார், நௌலி (வயிற்றுத் தசையைச் சுழற்றும் பயிற்சி) செய்யும்போது குடலுக்குள் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார். அளந்ததை வெளியிட அதே ஆண்டு ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இசிஜி கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்து யோகிகளைப் பரிசோதித்தார், யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் உட்பட. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் படித்தது பொறியியல். 1976இல் சென்னையில் யோக மந்திரம் தொடங்கி, நோயாளிக்கு நோயாளி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது, நடைமுறை. மென்பொருள் வேலையிலிருந்து நேராக வருகிறவரைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் மூன்றாவது நிமிடம் கை போனைத் தேடுகிறது. அதே ஆள் சூட்டிலும் குளிரிலும் இருந்துவிட்டு வந்தால் அசையாமல் படுக்கிறார். தசைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது சார், எனக்கு முன்னால் இருப்பது அமைதியாகிவிட்ட ஒரு மனிதர். அவரிடம் மூச்சைப் பற்றிப் பேசலாம். இயந்திரத்துக்காக வந்து மூச்சுக்காகத் தொடர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பிசியோ_மதுரை

குவலயானந்தர் எக்ஸ்ரே வைத்தது தன் யோகத்தையே கேள்வி கேட்க. ஸ்டுடியோவில் ஒரு கருவியாவது எதையாவது அளக்கிறதா, மேடம்? எல்லாம் செய்கிற கருவிகள், அளக்கிற கருவி ஒன்றுமில்லை.

ப்ரோஸ் கதையையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். யோகி இதயத்தை நிறுத்தினார் என்ற பேச்சு கிளம்பியது. 1961இல் வெங்கர், பாக்சி, ஆனந்த் மூவரும் நல்ல கருவிகளோடு மறுபடி பார்த்தார்கள். இதயம் நிற்கவில்லை. மூச்சைப் பிடித்து மார்பை இறுக்கியதில் நாடி கைக்கு எட்டாமல் போனது, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் அமுங்கியது. அளந்தால் இப்படிச் சில கதைகள் போய்விடும். அதனால்தான் அளப்பதில்லை.

ஊலு_குளிர்

பின்லாந்திலிருந்து எழுதுகிறேன் அண்ணே. இன்ஃப்ராரெட் அறையை இங்கே யாரும் சவுனா என்று ஒத்துக்கொள்வதில்லை. சவுனா என்றால் 80, 90 டிகிரி, சூடான கல், அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவி. இன்ஃப்ராரெட்டில் 50, 60 டிகிரிதான், ஆவியே கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்டுடியோ சுவரில் உள்ள கட்டுரைகளில் ஒன்று 2015இல் வந்த குவோப்பியோ ஆய்வாகத்தான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் மாட்டுகிறார்கள். கிழக்கு பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வாரம் 4 முதல் 7 முறை சவுனா போனவர்களுக்குத் திடீர் இதய மரணம் குறைவு. ஆனால் அவர்கள் போனது வீட்டுச் சவுனா. 55 லட்சம் பேர் உள்ள நாட்டில் 30 லட்சம் சவுனா இருக்கிறது, அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில்கூட ஒன்று இருக்கும். வாரம் நான்கு தடவை போவது இங்கே செலவே இல்லை. உங்கள் கணக்கில் வாரம் 18,000 ரூபாய். தவிர, உடம்பு நன்றாக இருப்பவன்தான் அடிக்கடி சவுனா போகிறானோ என்னவோ, அந்த வகை ஆய்வு அதைப் பிரித்துக் காட்டாது.

இன்ஃப்ராரெட்டுக்கென்று தனியாக வேலை நடந்தது ஜப்பானில். ககோஷிமாவில் தெய் என்ற மருத்துவர் இதயம் பலவீனமான நோயாளிகளை 60 டிகிரி அறையில் 15 நிமிடம் வைத்து, வெளியே வந்ததும் போர்வை போர்த்திப் படுக்க வைத்தார். நல்ல பலன் கண்டார். அது மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்க நடந்தது.

ஒன்று மட்டும் யோகா மேடம் பக்கம். சவுனாவில் கோயிலில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று இங்கே பழமொழியே உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றதும் அங்கேதான், பிணத்தைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். சூட்டையும் சாமியையும் பிரித்து வைக்க வேண்டும் என்பது எல்லா ஊர் வழக்கமும் இல்லை.

வேளச்சேரி_விஜி

நான் அந்த ஸ்டுடியோவுக்கே போகிறேன். இவ்வளவு பேர் எழுதியதில் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

எனக்கு மாரத்தான் இல்லை, தசை வளர வேண்டிய அவசியமும் இல்லை. இரவு வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு டயாலிசிஸ். அந்த ஒன்றரை மணி நேரம் போனை லாக்கரில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். யாரும் என்னைக் கூப்பிட முடியாது. போய் வந்த இரவு தூங்குகிறேன். பிளாசிபோ, வெறும் நம்பிக்கையால் வரும் பலன் என்பீர்கள். இருக்கட்டும், தூக்கம் நிஜம்தானே? டாக்டர் சார் பார்க்கிற நோயாளிகளில் எத்தனை பேர் அவர் கை வைத்ததாலேயே பாதி குணமாகிப் போகிறார்கள், அதற்கு அவர் ஃபீஸ் வாங்குவதில்லையா?

பிசியோ_மதுரை

வாங்குகிறேன். தூக்கம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை விஜி. ஆனால் நீங்களே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். உங்களுக்குத் தூக்கம் தந்தது லாக்கர். லாக்கருக்கு 4,500 ரூபாய் வாங்க முடியாது என்பதால் சிவப்பு விளக்கைச் சேர்த்திருக்கிறார்கள்.

வேளச்சேரி_விஜி

வீட்டில் ஒரு லாக்கர் வாங்கிப் போனை உள்ளே வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் படுத்திருக்கிறேன் என்று என் வீட்டில் சொல்லிப் பார்க்கிறேன். 'அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது' என்றால்தான் ஒரு பெண்ணை வீட்டில் விடுவார்கள் சார். அது உங்களுக்குப் புரியாது.

நெல்லை_மருந்துப்பெட்டி

நான் சித்த மருத்துவன். இருபக்கமும் இயந்திரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், 'பாரம்பரியம்' என்று அங்கே வைத்திருப்பதைப் பார்ப்போம்.

அந்தக் கிண்ணம் முதலில். திபெத்திய மடங்களில் அதைச் சிகிச்சைக்கு வாசித்ததற்குப் பழைய சான்று கிடையாது. 1970களில் மேற்கத்திய இசைக்காரர்கள் பிரபலமாக்கியது. ஆய்வு என்று எல்லோரும் காட்டுவது 2017இல் 62 பேரை வைத்துச் செய்தது. கிண்ண ஓசை கேட்டபின் பதற்றம் குறைந்ததாம். சும்மா படுத்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிடவே இல்லை. ஒரு மணி நேரம் பாயில் படுத்தால் யாருக்குத்தான் பதற்றம் குறையாது?

சித்தத்தில் புற மருத்துவம் மட்டும் 32 வகை. வேது பிடிப்பது, ஒற்றடம், தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுவது) எல்லாம் அதில்தான் வருகின்றன. எண்ணெய் முழுக்கு வீட்டிலேயே இருந்தது. ஓடுகிற பையனின் கெண்டைக்கால் பிடிப்புக்கு தொக்கணம் செய்யத் தெரிந்தவர் கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்து ஸ்டுடியோவில் உட்கார வைத்தார்களா? மாட்டார்கள். அவர் கையில் எண்ணெய் நாறும், தரை வழுக்கும், படம் எடுத்தால் அழகாக இருக்காது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இலிருந்து இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீராவிக் குளியல், இடுப்புக் குளியல், மண்பட்டி எல்லாம் அங்கே படித்த மருத்துவர் பார்த்துத் தருகிறார். 4,500 ரூபாய்க்காரர்கள் அந்த வரிசையில் நிற்கமாட்டார்கள்.

அடுத்து 'திருமூலர் முறை'. அவர் சொன்ன மூச்சுக் கணக்கு 16 மாத்திரை (கால அளவு) உள்ளே, 64 நிறுத்தம், 32 வெளியே. இதை முதல் நாள் வந்தவனுக்கா சொல்லித் தருகிறார்கள்? சூட்டில் வெந்து, ஐஸில் உறைந்து, ரத்த அழுத்தம் ஏறி இறங்கி வந்தவனை 64 எண்ணும் வரை மூச்சை அடக்கச் சொன்னால் அது யோகமில்லை, விஷப் பரீட்சை.

மூச்சே_துணை

ஐயா, 16:64:32 விஷயத்தில் உங்களுக்கு முழு ஓட்டு. நான் படித்த வழியில் முதல் வகுப்பில் கும்பகமே (மூச்சை நிறுத்துவது) கிடையாது. ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, வெளிமூச்சைக் கொஞ்சம் நீட்டச் சொல்வதோடு சரி. அதற்கே பலன் இருக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு இத்தாலிய ஆய்வு வந்தது. 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 அளவுக்குத் தானாக இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சை வினை கூர்மையானது. மேரி மாதாவுக்கும் புத்தருக்கும் ஒரே வேகம். பிசியோ சார், இது அளந்ததுதான், பக்தி ஜாமீன் இல்லாதது. அந்த ஸ்டுடியோவில் ஆதாரம் உள்ள ஒரே பொருள் கடைசியில் இலவச இணைப்பாகப் போடும் அந்த ஓங்காரமாகக்கூட இருக்கலாம்.

பிசியோ_மதுரை

அப்படியென்றால் ஓங்காரத்துக்கு 50 ரூபாய் வாங்கட்டும், மற்றதை இலவசமாகத் தரட்டும். நானே வருகிறேன்.

ஊலு_குளிர்

மருந்துப்பெட்டி ஐயா, ஒரு சின்னக் கொசுறு. இடுப்புக் குளியலை ஊர் ஊராகப் பரப்பியவர் ஜெர்மனியில் லைப்சிக்கின் லூயி கூனே. காந்திக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை, 1946இல் உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கும் அளவுக்குப் போனார். குளிர்ந்த நீர் வைத்தியத்துக்கு அதற்கும் முன்னால் ப்ரீஸ்னிட்ஸ் என்ற சிலேசிய விவசாயி. ஆக, அரும்பாக்கத்தில் பாதி ஜெர்மனி இருக்கிறது. ஸ்டுடியோ மட்டும் கலப்படம் செய்கிறது என்று சொல்ல முடியாது.

நெல்லை_மருந்துப்பெட்டி

தம்பி, இயற்கை மருத்துவம் வேறு, சித்தம் வேறு. தொக்கணம் லைப்சிக்கிலிருந்து வரவில்லை. மற்றபடி கூனே விஷயம் சரிதான், அதை வைத்து 4,500 ரூபாயை நியாயப்படுத்தாதே.

மணலி_பாதுகாப்பு

தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் வேலை பார்க்கிறேன். யோகமும் தெரியாது, தசையும் தெரியாது. இந்த இழையில் இவ்வளவு நேரம் யாரும் கேட்காத கேள்வி: அந்தக் கிரையோ அறை மின்சாரத்தில் ஓடுகிறதா, திரவ நைட்ரஜனில் ஓடுகிறதா?

நைட்ரஜன் என்றால் கவனம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் கசிந்தால் ஆக்சிஜனை ஓரங்கட்டிவிடும். காற்றில் ஆக்சிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், எங்கள் ஆலையில் 19.5க்குக் கீழே போனாலே அலாரம். 6க்குக் கீழே போனால் சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. காரணம் இதுதான்: மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்ற வைப்பது ஆக்சிஜன் குறைவது இல்லை, கார்பன் டை ஆக்சைடு கூடுவது. நைட்ரஜனை இழுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். உடம்புக்கு எந்த எச்சரிக்கையும் வராது. 2015இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு கிரையோ நிலைய ஊழியர் தனியாக உள்ளே போய் இப்படித்தான் இறந்தார். 2025 ஏப்ரலில் பாரிஸில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் நைட்ரஜன் கசிந்து அங்கே வேலை பார்த்த பெண் இறந்தார். இரண்டிலும் உயிரை விட்டவர் அங்கே வேலை பார்த்த ஊழியர். மாதச் சம்பளத்துக்கு அங்கே கதவு திறந்து மூடும் பிள்ளைக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தார்களா?

இதே கார்பன் டை ஆக்சைடு விஷயம் உங்கள் பிராணாயாமத்திலும் வருகிறது. குளிரையும் மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துப் பிரபலமான டச்சுக்காரர் விம் ஹோஃப் பாணியில் வேகமாக மூச்சு வாங்கி விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும், மூச்சு வேண்டும் என்ற உந்துதல் தள்ளிப்போகும், ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே வரும். தரையில் இருந்தால் மயங்கி எழுந்துவிடலாம். தண்ணீரில் இருந்தால் முழுகிவிடுவோம். நீச்சல் குளங்களில் இப்படி இறந்தவர்கள் உண்டு. ஆகவே ஐஸ் தொட்டியில் உட்கார வைத்து வேகமூச்சு பழக்கினால், அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

முதல் பதிவில் கேட்டீர்களே, சேர்ப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று. பலன் கூடுகிறதா எனக்குத் தெரியாது. ஆபத்து கூடுவது இப்படி இணைக்கிற இடத்தில்தான். தனித்தனியாகப் பரிசோதித்ததை எந்த வரிசையில் அடுக்குவது என்று யாரும் பரிசோதிக்கவில்லை.

மூச்சே_துணை

இது முக்கியமான பதிவு. நான் வகுப்பு எடுக்கும் இடத்தில் தொட்டிக்குள் பேச்சு மட்டும்தான், மூச்சுப் பயிற்சி வெளியே பாயில். ஆனால் அது எழுதி வைத்த விதி இல்லை, என் பழக்கம். நான் இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்று திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.

திபெத்தியத் துறவிகள் குளிரைத் தாங்கும் 'அதே உத்தி' என்று விளம்பரத்தில் எழுதி, துறவிகளைச் சாட்சிக்கு இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1982இல் அமெரிக்க மருத்துவர் பென்சனின் குழு தர்மசாலாவில் மூன்று திபெத்தியத் துறவிகளை அளந்தபோது தியானத்தில் விரல் வெப்பம் இருந்ததைவிட 8 டிகிரி வரை கூடியது நிஜம். அவர்கள் அதற்காக வருடக்கணக்கில் தியானத்தில் உட்கார்ந்தவர்கள். ஒன்றரை மணி நேரப் பேக்கேஜில் அது வராது, 'அதே உத்தி' என்று எழுதுவது தப்பு.

அடையாறு_ஓட்டம்

மணலி அண்ணன் கேள்விகளை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். கிரையோ அறை மின்சாரமாம். கருவியின் பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்றேன், யோசித்துவிட்டுக் காட்டினார்கள். நைட்ரஜன் உருளை எதுவும் இல்லை. தொட்டியின் வெப்பமானி 8 காட்டியது. சிவப்பு விளக்கின் அளவு என்ன என்று கேட்டதற்கு 'செல்லுக்குள் போய் வேலை செய்யும் சார்' என்றார்கள். எடைப் பயிற்சிக்குப் பிறகு ஐஸ் வேண்டாமா என்று கேட்டேன். 'உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்' என்றார் அந்தத் தம்பி. இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் பற்றிக் கேட்கும் படிவம் ஒன்று தந்தார்கள். பக்கத்தில் நின்றவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கும்பகம் 64 எண்ணிக்கையா என்றேன். இல்லையாம், 4, 16, 8. விகிதம் அதே, அளவு கால்வாசி.

நெல்லை_மருந்துப்பெட்டி

பரவாயில்லை, யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனாலும் 16 எண்ணிக்கை நிறுத்தம் எல்லோருக்கும் இல்லை. ரத்த அழுத்தக்காரர்கள் அந்தப் பகுதியில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

பிசியோ_மதுரை

'உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.' உடம்பு சொல்வது கேட்டிருந்தால் 42 கிலோமீட்டர் ஓடுவானா ஒருவன்?

அடையாறு_ஓட்டம்

என் முடிவு: பேக்கேஜ் வேண்டாம். நீண்ட ஓட்டம் முடிந்த ஞாயிறு மட்டும் வீட்டில் பிளாஸ்டிக் டிரம்மில் குளிர்ந்த நீர், எடை தூக்கும் நாளில் கிடையாது. மூச்சுப் பயிற்சிக்கு மூச்சே_துணை மேடம் தனி வகுப்பு எடுத்தால் வருகிறேன். டிரம்முக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும்? 8 டிகிரிக்கே போக வேண்டுமா?

மணலி_பாதுகாப்பு

150 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால், 12க்கு இறக்கச் சுமார் 26 கிலோ பனிக்கட்டி. வெளிச் சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அது வெந்நீர். மீன் மார்க்கெட் பக்கம் விற்கும் கட்டி ஐஸ் மலிவு, ஆனால் அது சாப்பிடுவதற்கான ஐஸ் இல்லை. தண்ணீர் வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசியோ_மதுரை

10 முதல் 15 டிகிரி போதும், 10 நிமிடம் போதும். 8 டிகிரி வீரத்துக்கு. மெதுவாக இறங்குங்கள், இறங்கியவுடன் மூச்சு தானாக வாங்கும், இதயம் படபடக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கும். வீட்டில் வேறு ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். வீட்டில் யாருக்காவது இளவயது மாரடைப்பு இருந்திருந்தால் முதலில் ஒரு இசிஜி.

மூச்சே_துணை

வகுப்பு உண்டு தம்பி, செவ்வாய், வியாழன் காலை ஆறரை, மயிலாப்பூர். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, நீங்களும் குளிரையும் மூச்சையும்தான் எடுத்திருக்கிறீர்கள். ஸ்டுடியோ செய்த அதே சேர்க்கை.

பிசியோ_மதுரை

ஒரே நேரத்தில் இல்லை, ஒரே பில்லில் இல்லை, நடராஜர் படத்துக்கு அடியில் இல்லை. மூன்றும் பெரிய வித்தியாசம்.

வேளச்சேரி_விஜி

நல்லது. ஞாயிறு காலை பத்து மணி ஸ்லாட் எப்போதும் ஓட்டக்காரர்களால் நிரம்பிவிடுகிறது. உங்கள் குழுவிடமும் இந்த இழையைக் காட்டுங்கள், எனக்கு இடம் கிடைக்கும்.